மூக்கோரத்து வெளிச்சம்

துணியை நாலாக மடித்து அவள் கண்களின் மேல் வைத்தேன். இரண்டு முனைகளையும் காதுக்கு மேலே கொண்டுபோய்ப் பின்னந்தலையில் முடிச்சுப் போட்டேன். முடிச்சில் முடி சிக்கிவிடாமல் ஒரு விரலை உள்ளே விட்டு விலக்கினேன். பிறகு முன்பக்கம் வந்து, கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவன் மாதிரி, மூக்குத் தண்டின் இரண்டு பக்கமும் துணியை லேசாக மேலே தூக்கிவிட்டேன். ஒரு சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இடம். அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. வாரா வாரம் இதுதான் நடந்துகொண்டிருந்தது.

"சரியா இருக்கா?" என்றேன்.

"ம்" என்றாள்.

நான் முடிவெட்டுபவன். தினமும் எத்தனை கழுத்தில் துணி கட்டுகிறேன் என்று எனக்கே கணக்கு கிடையாது. ஒற்றை முடிகூடச் சட்டைக்குள் இறங்காதபடி கட்டத் தெரிந்தவனுக்கு இரண்டு கண்ணைக் கட்டத் தெரியாதா? வேண்டுமென்றேதான் தளர்த்திக் கட்டினேன். யார் கேட்டாலும் இல்லை என்றே சாதித்திருப்பேன், அது வேறு விஷயம்.

அந்தப் பயிற்சி மையம் ஒரு டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. படி ஏறும்போதே ரப்பர் வாடை மூக்கைத் துளைக்கும். கைப்பிடிக் கம்பியில் கடைசிப் படிக்குக் கொஞ்சம் முன்னால் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பார்கள். முடிச்சு கையில் தட்டினால் படி முடியப்போகிறது என்று அர்த்தம். உள்ளே நீளமான கூடம், நடுவில் வட்ட மேஜை, சுற்றிலும் நாற்காலிகள். விளக்குப் போட மாட்டார்கள். போட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது? அங்கே வருகிறவர்கள் எல்லாம் வளர்ந்து ஆளான பிறகு பார்வை போனவர்கள், இல்லையென்றால் போய்க்கொண்டிருப்பவர்கள். கொஞ்சம் பார்வை மிச்சம் இருப்பவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் மேஜையில் உட்கார வேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம். டீச்சருக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. ஆக அந்தக் கூடத்தில் கண் தெரிந்த ஒரே ஆள் நான்தான். துணைக்கு வருகிற மற்றவர்கள் எல்லாம் கீழே டீக்கடையில் அரட்டை அடிக்கப் போய்விடுவார்கள். எனக்கும் அரட்டை பிடிக்கும், என் தொழிலில் பாதி அதுதான். ஆனாலும் போக மாட்டேன். என் கடைக்கு வார விடுமுறை அந்த ஒரு நாள். அந்த நாளில் பின்சுவர் ஓரமாகக் கிடந்த மர பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என் மனைவியின் தாடையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தாடையை ஏன் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு அவள் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தையல் கடையில் காஜா எடுக்கிறவள். சட்டையில் பொத்தான் நுழையும் ஓட்டையைச் சுற்றி ஊசி நூலால் பூட்டுத் தையல் போடுகிற வேலை. எங்கள் பக்கத்தில் அவள் கை காஜாவைப் பார்த்தாலே அடையாளம் தெரியும், அவ்வளவு சீர். ஒருநாள் இஸ்திரி மேஜையில் போய் இடித்துக்கொண்டாள். இன்னொரு நாள் கதவில். பிறகு தெருவில் பக்கத்தில் வந்த சைக்கிளைக் கவனிக்காமல் விழுந்தாள். ஆனால் காஜாவில் மட்டும் ஒரு இழை பிசகவில்லை. அதனால் நாங்கள் அதைக் கண் என்றே நினைக்கவில்லை, அசதி என்று நினைத்தோம். கடைசியில் டாக்டர் சொன்னார். இது ஓரத்திலிருந்து உள்ளே வருகிற நோய். ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெரியும். அந்தக் குழாய் சிறுத்துக்கொண்டே போய் ஒருநாள் மூடிக்கொள்ளும். எப்போது என்று சொல்ல முடியாது, மருந்தும் கிடையாது. இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்தார். இந்த மனுஷன் மட்டும் ஒரு தடவை என் கடைக்கு வரட்டும், ஒரு கிருதாவை மேலேயும் ஒரு கிருதாவைக் கீழேயும் வைத்து அனுப்புகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். பாவம், அவர் என்ன செய்வார்?

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்தது. அவளுக்கு இன்னும் தெரிகிறதா, எவ்வளவு தெரிகிறது என்று சோதித்துக்கொண்டே இருப்பேன். முக்காலியை இடம் மாற்றி வைப்பேன். கண்ணாடி முன்னால் நின்று, "இன்னைக்கு நான் போட்டிருக்கற சட்டை நல்லாருக்கா?" என்பேன். சோற்றுத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அவள் கை எங்கே போகிறது என்று பார்ப்பேன். பார்த்தாள், பார்த்தாள், ஒருநாள் வெடித்துவிட்டாள்.

"கண்ணு என்னுதா உங்களுதா? இன்னொரு தடவை எனக்கு டெஸ்ட் வச்சீங்க, உங்க கத்திரிக்கோல் எல்லாத்தையும் ஜன்னல் வழியா தூக்கி எறிஞ்சிடுவேன். தெரியுது தெரியுதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

கத்திரிக்கோலை எறிய மாட்டாள், ஆனால் நான் பயந்துவிட்டேன். அதோடு வீட்டில் கண் என்கிற பேச்சே எடுக்கவில்லை. எடுக்காத பேச்சு மனதுக்குள் எவ்வளவு பெரிதாகும் என்று உங்களுக்குத் தெரியாதா? ராத்திரி அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, நாளைக்குக் காலையில் இவள் கண்ணைத் திறக்கும்போது என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

இந்தச் சமயத்தில்தான் தையல் கடை வேலையை நிறுத்திவிட்டுப் பயிற்சி மையத்தில் சேர்த்தோம். கூட்டல் கழித்தலுக்கு அங்கே சீன மணிச்சட்டம். வாயில் எல்லோரும் அபாகஸ் என்றுதான் சொல்வார்கள். நீளமான மரச்சட்டம், அதில் நெருக்கமாகக் கம்பிகள், குறுக்கே ஒரு நடுக்கட்டை. கட்டைக்கு மேலே ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு மணி, கீழே ஐந்து மணி. மேல் மணி ஒன்றைக் கீழே இறக்கினால் ஐந்து. கீழ் மணி ஒன்றை மேலே ஏற்றினால் ஒன்று. கட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கிற மணிதான் கணக்கில் சேரும், தள்ளி நிற்பது சேராது. பெரிய மணிகள், கோட்டுப் பொத்தான் இரண்டைச் சேர்த்து ஒட்டினதுபோல விரலுக்கு நன்றாக அகப்படும். தொட்டால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடாமல் இருக்க டீச்சர் அடியில் கம்பளித் துணி ஒட்டி வைத்திருந்தார்.

முதலில் மணிச்சட்டத்தைக் கையில் கொடுக்கவில்லை, ஆட்களையே மணியாக்கினார். கூடத்தின் குறுக்கே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, நடுவில் மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், இந்தப் பக்கம் ஐந்து பேர். டீச்சர் ஒரு எண்ணைச் சொல்வார். ஏழு என்றால் அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தரும் இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேரும் கயிற்றைத் தடவிக்கொண்டே வந்து மேஜையைத் தொட வேண்டும். யார் வருவது என்பதில் ஒரே அடிதடி. முன்னாள் லாரி டிரைவர் ஒருத்தர், சர்க்கரை வியாதியில் பார்வை போனவர், ஒவ்வொரு தடவையும் ஹாரன் அடித்துக்கொண்டே வருவார். கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி சிரித்துச் சிரித்துக் கயிற்றை விட்டுவிடுவாள். என் மனைவி மேல் மணி. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது, "இனிமே கொஞ்சம் மரியாதையா பேசுங்க, நான் அஞ்சு பேருக்குச் சமம்" என்றாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து செய்கிற விளையாட்டு. ஒரே மணிச்சட்டம் கை மாறிப் போகும். ஒவ்வொருத்தரும் ஒரு எண்ணை வாய்விட்டுச் சொல்லி, அதை ஏற்கெனவே இருக்கிறதோடு கூட்டி, சட்டத்தைத் தட்டையாகப் பிடித்து அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்த பாத்திரத்தைக் கொடுக்கிற மாதிரி. கொஞ்சம் சாய்ந்தாலும் மணி நகர்ந்துவிடும், அதுவரை எல்லோரும் கூட்டியது பாழ். கடைசி ஆள் விரலால் தடவி மொத்தத்தைச் சொல்ல, டீச்சர் சரியா தப்பா என்பார். எண்களும் சும்மா இல்லை. உன் வீட்டுப் படி எத்தனை, உன் சட்டையில் பொத்தான் எத்தனை, உன் வீட்டில் இதுவரை உடைந்த டம்ளர் எத்தனை என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கேள்வி. தப்பு வந்தால் யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. எல்லோருடைய தப்பும்தான் அது என்பார் டீச்சர்.

இதில்தான் நான் தாடையைப் பிடித்தேன். மற்றவர்கள் கட்டுக்கு அடியில் எட்டிப்பார்க்க வேண்டுமானால் கண்ணை மட்டும் தாழ்த்தினால் போதும். இவளுக்கு இருப்பது குழாய். அந்தக் குழாயை மூக்கோரத்து இடைவெளி வழியாக மேஜைக்கு இறக்க வேண்டுமானால் தலையையே பின்னால் சாய்த்துத் தாடையைத் தூக்கியாக வேண்டும். தலை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. நாற்காலியில் உட்கார்ந்தவர் தன்னையறியாமல் நிமிர்ந்தால் உச்சந்தலையில் இரண்டு விரலை வைத்து அழுத்துவேன், குனிவார். அப்படிப்பட்ட என் கண்ணுக்கு இது தப்புமா? மணிச்சட்டம் அவள் கைக்கு வரும். தாடை மெல்ல மேலே போகும். விரல் நேராகப் போய் மணியைத் தட்டும். டக். அந்த டக் கேட்டதும் எனக்கு உயிர் வரும். இந்த வாரமும் குழாய் மூடவில்லை. நான் பெஞ்சில் பின்னால் சாய்ந்து உட்காருவேன். பழைய பெஞ்சு, சாயும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் போடும்.

திருட்டுத்தனம்தான். அவள் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் கற்றுக்கொள்ளாமல் இருக்க நான்தான் வழி செய்து கொடுத்தேன். ஆனால் எனக்கு வேறு எந்த வழியும் இல்லாமல் செய்துவிட்டாளே. அந்தத் தாடையைப் பார்த்துவிட்டுப் போனால் அடுத்த வாரம் வரைக்கும் நான் நிம்மதியாகக் கத்தி பிடிப்பேன்.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் படி இறங்கும்போது டீச்சர் என்னை நிறுத்தினார்.

"உங்க வீட்டம்மாவுக்குக் கட்டு யாருங்க கட்டறது?"

"நான்தான்."

"கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"மத்தவங்க மணியைத் தட்டறதுக்கு முன்னாடி விரல் கட்டையில தேய்ச்சுக்கிட்டுப் போற சத்தம் வரும். எந்தக் கம்பின்னு தேடணும் இல்லையா? உங்க வீட்டம்மாகிட்ட அந்தச் சத்தமே இல்லை. நேரா டக்குனு தட்டறாங்க." கொஞ்சம் பொறுத்து, "கொஞ்சம் தெரியறப்பவே விரலுக்குப் பழக்கிடணுங்க. முழுசா போனப்புறம் பழகறது ரொம்பக் கஷ்டம். அதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியது அவருக்குத் தெரியாது என்பது பாதிப் படி இறங்கிய பிறகுதான் உறைத்தது. கோபம் கோபமாக வந்தது. முழுசா போனப்புறமாம். வாயில் நல்ல வார்த்தையே வராதா? அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் தளர்த்தியே கட்டினேன்.

அந்த வாரம் கூட்டல் தப்பியது. இவள் தாடையைத் தூக்கினாள், டக் என்று தட்டினாள், நான் சாய்ந்து உட்கார்ந்தேன். எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் கடைசியில் மொத்தம் ஐந்து குறைந்தது. அதற்கடுத்த வாரமும் தப்பு, அதற்கடுத்த வாரமும். இவளிடமிருந்து மணிச்சட்டத்தை வாங்குகிறவர் டிரைவர். வியாதியில் அவருக்கு விரல் நுனியும் கொஞ்சம் மரத்துப்போயிருந்தது. கம்பியைக் கம்பி என்று சொல்ல மாட்டார், லேன் என்பார். ஒரு கம்பியில் பத்து நிரம்பி இடப்பக்கக் கம்பிக்கு ஒன்று போக வேண்டியிருந்தால், "ஓவர்டேக் பண்றேன், வழி விடுங்க" என்பார். அவர் இருந்தாலே மேஜை கலகலப்பாக இருக்கும். தப்பு வர ஆரம்பித்ததிலிருந்து மனுஷன் வாயே திறக்கவில்லை. அவர் கை மாறிய பிறகுதான் தப்புகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். யாரும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன? கல்லூரிப் பெண், "அண்ணே, தட்டையா பிடிச்சீங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், போதுமே. நானும் அப்படியேதான் நினைத்தேன். என் கண்ணால் அவர் விரல் நடுங்குவதைப் பார்த்தேன். இவளை நினைக்கவே இல்லை.

மூன்றாவது தடவை தப்பு வந்த அன்றைக்கு டிரைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"வேணாம் டீச்சர். நான் வண்டியை ஓரங்கட்டிடறேன்."

"என்னண்ணே இது?"

"கண்ணு போனா விரல் இருக்குன்னு சொன்னீங்க. விரலும் போயிடுச்சு. என்னால எல்லாருக்கும் தப்பாவுது. மகன் கடையில நட்டு போல்ட்டாவது எண்ணிக் கொடுத்துக்கிட்டு இருக்கலாம்னு பாத்தேன். சும்மா ஒரு மூலையில உக்கார வேண்டியதுதான்னு எழுதியிருந்தா உக்காந்துட்டுப் போறேன்."

அவ்வளவு பெரிய குரல்காரர், கடைசி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. டீச்சர் என்னென்னவோ சமாதானம் சொன்னார். அடுத்த வாரம் ஒரு தடவை வாருங்கள், அப்புறம் உங்கள் இஷ்டம் என்று கடைசியில் ஒப்புக்கொள்ள வைத்தார். என் மனைவி கட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது, "பாவம் அந்த மனுஷன்" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வாரம் முழுக்க யாரோ உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பதுபோல நடமாடினாள். கேட்டால் தலைவலி என்றாள்.

அடுத்த வாரம் வந்தது. துணியை மடித்தேன், கட்டினேன், மூக்கோரத்தில் தூக்கிவிட்டேன். பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அன்றைய கேள்வி, நீங்கள் கடைசியாகப் போட்ட சண்டை எத்தனை நாள் நீடித்தது? எல்லோரும் சிரித்தார்கள், டிரைவரைத் தவிர. மணிச்சட்டம் சுற்றி வந்தது. கல்லூரிப் பெண் தன் எண்ணைக் கூட்டிவிட்டு இரண்டு கையாலும் ஏந்தி என் மனைவிக்குக் கொடுத்தாள். இவள் வாங்கி மேஜையில் வைத்தாள். நான் தாடையைப் பார்த்தேன்.

தாடை மேலே போகவில்லை.

பெஞ்சில் முன்னால் நகர்ந்தேன், அது கிறீச்சிட்டது. அவள் அசையவில்லை. தலை கீழே கவிந்திருந்தது, முகம் மேஜைப் பக்கம்கூட இல்லை, எதையோ ஒட்டுக்கேட்பவள் மாதிரி ஒருபக்கமாகத் திரும்பியிருந்தது. கையை நடுக்கட்டையின் வலது ஓரத்தில் வைத்தாள். அப்போது அந்தச் சத்தம் வந்தது. டீச்சர் சொன்ன தேய்க்கிற சத்தம். விரல் மரத்தில் ஊர்ந்து ஊர்ந்து, ஒவ்வொரு கம்பியையும் தொட்டு, மேல் மணி இருக்கிறதா, கீழ் மணி எத்தனை என்று ஒவ்வொன்றாகத் தடவி, போன இடத்துக்கே திரும்பி வந்தது. எவ்வளவு நேரம்! யாரும் அவசரப்படுத்தவில்லை. காஜாவை முடித்தபின் பின்பக்கம் விரலால் தடவிப் பார்ப்பாள், அதே விரல்தான். தன் எண்ணைச் சொன்னாள். மணியைத் தள்ளினாள். மறுபடியும் தடவிப் பார்த்தாள். பிறகு சட்டத்தைத் தட்டையாக எடுத்து, டிரைவரின் கையைத் தேடிப் பிடித்து, அதன்மேல் வைத்து, அவர் பிடித்துக்கொண்டாரா என்று பார்த்த பிறகுதான் விட்டாள்.

சுற்று முடிந்தது. கடைசி ஆள் மொத்தத்தைச் சொன்னார்.

"சரி" என்றார் டீச்சர்.

கைதட்டல். மேஜையைத் தட்டினார்கள், காலைத் தட்டினார்கள். டிரைவருக்கு நம்பிக்கை வரவில்லை. "சரியா? மொத்தமும் சரியா? அப்ப என் கையும் சரியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் என் மனைவி, "அண்ணே" என்றாள்.

"சொல்லு தங்கச்சி."

"அது உங்க விரல் இல்லண்ணே. இத்தனை வாரமும் தப்பு பண்ணினது நான்தான்."

"நீயா? உனக்குத்தான் கொஞ்சம் கண்ணு தெரியுமே?"

கீழே டயர் கடையில் எதையோ சுத்தியலால் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. டிரைவர் புரிந்துகொண்டு, கையை நீட்டித் துழாவி அவள் தோளைத் தொட்டார். டீச்சர் முகத்தை என் பெஞ்சுப் பக்கம் திருப்பினார். அத்தனை பேரும் கைதட்டிய இடத்தில் நான் மட்டும் வயிற்றில் அடித்துக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் ஒரே வெயில். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போதும் பிடிப்பதுதான், அன்றைக்குத்தான் அது பிடிமானம் என்று தெரிந்தது.

"எப்பலருந்து?" என்றேன்.

"போன மாசம். ஒருநாள் காலையில எழுந்திரிச்சேன், வெளிச்சம் இருக்கு, உருவம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்துல வரும்னு பாத்தேன். வரலை."

"வீட்டுல எல்லாம் சரியாத்தானே நடமாடினே?"

"நம்ம வீடு எனக்குத் தெரியாதா?"

"போன வாரம் பஸ் வருதுன்னு நீதானே சொன்னே?"

"சத்தம் கேட்டுச்சு."

கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்று தெரியாத கோபம். "அப்புறம் எதுக்கு அங்க உக்காந்து தாடையைத் தூக்கித் தூக்கிக் காமிச்சே? என்னை என்ன கேணையன்னு நினைச்சியா?"

"நான் தூக்கினா நீங்க சாஞ்சு உக்காருவீங்க. பெஞ்சு சத்தம் போடும். அன்னைக்கு ராத்திரி நீங்க நல்லாத் தூங்குவீங்க." அவள் வெயிலைப் பார்த்துப் பேசினாள். "விரலால தேடினாலும் கண்டுபிடிச்சிடுவீங்க, அதனால குத்துமதிப்பா தட்டினேன். இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாம்னுதான் இருந்தேன். அந்த அண்ணன் எழுந்துட்டாரு. அதுக்கு மேல முடியலைங்க."

நான் அவளுக்குத் தெரியாமல் அவளுக்குச் சோதனை வைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். அவளோ எனக்காக ஒவ்வொரு வாரமும் அந்தச் சோதனையில் தேறிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் மட்டும் அந்தத் துணியை இறுக்கிக் கட்டியிருந்தால், கண் இருந்தபோதே அவள் விரல் பழகியிருக்கும். நினைக்க நினைக்க ஆறவில்லை.

"அழறீங்களா?"

"இல்ல."

"மூக்கு உறிஞ்சறது கேக்குது" என்று சொல்லி முந்தானையை என் பக்கம் நீட்டினாள். நீட்டியது கொஞ்சம் தள்ளிப் போயிற்று. நான் நகர்ந்து அதற்கு நேராக வந்து நின்றுகொண்டேன்.

அடுத்த வாரம் பழக்கதோஷத்தில் துணியை மடித்துப் பையில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மேஜையருகே அதை வெளியே எடுத்த பிறகுதான் இனி அது வேண்டாம் என்று உறைத்தது. அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். பெஞ்சுக்குப் போகவும் மனம் இல்லை. அங்கே உட்கார்ந்து இனி எதைப் பார்ப்பது?

"யாரு அங்க நிக்கறது, மாப்பிள்ளையா?" என்றார் டிரைவர். அவர் குரல் பழையபடி திரும்பியிருந்தது. "காலேஜ் பொண்ணுக்கு இன்னைக்குப் பரீட்சையாம், வரலை. அந்த நாற்காலி காலியாத்தான் இருக்கு. வந்து உக்காருங்க. எத்தனை நாளைக்கு அந்த பெஞ்சைப் போட்டுக் கிறீச் கிறீச்சுனு வதைப்பீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்படியென்றால் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. நான் டீச்சரைப் பார்த்தேன்.

"தாராளமா உக்காருங்க" என்றார் டீச்சர். "ஆனா பார்வை இருக்கறவங்க கட்டிக்கணும். அது இங்க சட்டம்."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். "குடுங்க" என்று கையை நீட்டினாள். துணியை வைத்தேன். எழுந்து எனக்குப் பின்னால் வந்து நின்றாள். என் தோளைத் தொட்டு, காதைத் தொட்டு, நெற்றியைத் தொட்டு, துணியை வைத்து, இழுத்து முடிச்சுப் போட்டாள். காஜாக்காரியின் முடிச்சு, அசையவில்லை. கூடம் காணாமல் போனது. மூக்குத் தண்டின் இரண்டு பக்கமும் மட்டும் கொஞ்சம் வெளிச்சம், அதில் மேஜையின் ஓரமும் மணிச்சட்டத்தின் ஒரு மூலையும் தெரிந்தன. பின்னாலிருந்து அவள் விரல்கள் வந்தன. கன்னத்தில் இறங்கி, மூக்கோரத்தில் அந்த இடைவெளியைத் தேடிக் கண்டுபிடித்து, துணியைக் கீழே இழுத்து அமுக்கி அடைத்தன.

என்னையறியாமல் என் தாடை மேலே போனது.

உச்சந்தலையில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். "குனிங்க" என்றாள்.